மத்திகிரிக் குதிரைகளும் ஒரு கட்டு ஈரப்புல்லும்



ஓசூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிப்காட், வரிசையா நிக்கிற லாரிங்க, ரோஜாப்பூ, நிக்கக்கூட இடமில்லாத பெங்களூரு பஸ்ஸு... அவ்வளவுதானே? எங்க கல்லாவியில இருந்தும் (ஊத்தங்கரை தாலுகா. தெரியாதவங்களுக்கு, சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கம்) நிறையப் பேர் அங்கதான் வேலைக்குப் போறாங்க. அவங்ககிட்ட "ஓசூர் ஒரு காலத்துல குதிரைக்குப் பேர் போன ஊருங்க"ன்னு சொன்னா, என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க :)

ஆனா அது நிஜம். ஓசூரை ஒட்டி மத்திகிரியில ஒரு பெரிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கு. சுமார் 1,640 ஏக்கர். இன்னைக்கு மாடு, ஆடு, கோழின்னு அறியப்படுற அந்தப் பண்ணை 1824ல ஆரம்பிச்சப்ப, அது ராணுவத்துக்குக் குதிரை தயார் பண்ற இடம். வெளியில வாங்கின குதிரைகளைக் கொண்டு வந்து, தேத்தி, பழக்கி, படைக்கு அனுப்புற டிப்போ. கிட்டத்தட்ட நூறு வருஷம் அப்படி ஓடி, முதல் உலகப் போர் முடிஞ்ச பிறகு 1924ல கால்நடைத் துறையோட கைக்கு வந்தது. 2024ல அந்தப் பண்ணைக்கு 200 வயசு முடிஞ்சது.

குதிரைப்படை வரலாறுன்னா யார் எந்தச் சண்டையில ஜெயிச்சாங்கன்னுதான் எழுதுவாங்க. நான் எழுதப்போறது குதிரையோட மூச்சைப் பத்தி. சிரிக்காதீங்க. சண்டை நடக்குற நாளு வருஷத்துக்கு நாலு. மீதி நாளெல்லாம் குதிரை லாயத்துல நின்னு மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கு? அந்த மூச்சு கெட்டுப்போனா குதிரையும் போச்சு, போட்ட காசும் போச்சு.

மூக்கை மட்டும் நம்பி ஒரு உயிர்

முதல்ல ஒரு சின்ன பாடம். நமக்கு மூக்கடைச்சா வாயால மூச்சு விடுவோம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். குதிரையால அது முடியாது. அதோட தொண்டை அமைப்பு அப்படி. மூக்கு வழியா மட்டும்தான் மூச்சு. சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்கு எட்டுல இருந்து பதினாறு தடவை, நிதானமா. ஆனா நாலுகால் பாய்ச்சல்ல ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுன்னு தாளம் மாறாம போகும். அந்த வேகத்துல நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல காத்து அந்த நுரையீரலுக்குள்ள போய் வருது.

அந்தக் காத்துல தூசி இருந்தா? பூஞ்சணம் இருந்தா? அதுவும் அதே அளவுல உள்ள போகும். காத்துக்குழாய்ல கொஞ்சம் சளி, கொஞ்சம் வீக்கம் வந்தாப் போதும், ஓடுற குதிரை நடக்கிற குதிரை ஆயிடும். நடக்கிற குதிரை நிக்கிற குதிரை ஆயிடும்.

மனுஷனுக்கு வர்ற இழுப்பு இருக்கே, ஆஸ்துமா, அது குதிரைக்கும் வரும். அச்சு அசல் அதேதான்னு சொல்ல முடியாது, ஆனா ரொம்ப நெருங்கின சொந்தம். காத்துக்குழாய் சுருங்குது, சளி கட்டுது, உள்ள போன காத்து வெளிய வர மாட்டேங்குது. அதனால மூச்சை வெளிய தள்ள அது இரண்டு தடவை முயற்சி பண்ணும். முதல்ல சாதாரணமா, அப்புறம் வயித்தை எக்கி ஒரு தள்ளு. இப்படியே மாசக்கணக்குல தள்ளித் தள்ளி, விலாவுக்குக் கீழ ஒரு கோடு மாதிரி தசை தடிச்சுப் போயிடும். அனுபவசாலிங்க அந்தக் கோட்டைப் பாத்தே சொல்லிடுவாங்க. கால்நடை மருத்துவ உலகத்துல இதுக்குப் பல பேரு இருந்தது. 2016ல நிபுணர்கள் கூடி, லேசானதுல இருந்து கடுமையானது வரை எல்லாத்துக்கும் 'குதிரை ஆஸ்துமா'ன்னே பொதுப்பேரு வெச்சாங்க.

கட்டிவெச்ச நாப்பது நாள்

நம்ம ஊருக்குக் குதிரை எப்பவுமே வெளியூர் சரக்குதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியா குதிரை வந்து இறங்கினதைப் பட்டினப்பாலை சொல்லுது. மாணிக்கவாசகர் கதையில ராஜா காசு குடுத்து அனுப்பினது குதிரை வாங்கத்தான். குதிரைச் செட்டிகள்னு தனியா ஒரு வணிகர் கூட்டமே இருந்தது கல்வெட்டுகள்ல தெரியுது.

13ஆம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைப் பாத்து அசந்துபோறார். வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்குறாங்க, வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலானது செத்துப்போகுது, அடுத்த வருஷம் திரும்பவும் வாங்குறாங்க! பராமரிக்கத் தெரிஞ்ச ஆளு இங்க இல்லைங்கறார். விக்கிற வியாபாரிங்க அப்படிப்பட்ட ஆளை இங்க வரவிடவும் மாட்டாங்களாம். குதிரை செத்தாத்தானே வியாபாரம்? ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தர்றார். வருஷத்துக்கு 10,000 குதிரை, ஒண்ணுக்கு 220 தினார் பொன். அவர் சொல்ற இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாப் பட்டது. வந்த குதிரையைக் கொழுக்க வைக்கணும்னு நாப்பது நாள் லாயத்துலயே முளையடிச்சுக் கட்டிப் போட்டுடுவாங்களாம். அதுக்கப்புறம் பழக்காம கொள்ளாம ஏறி ஓட்டுவாங்களாம்.

இந்த ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரங்க. கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனா கப்பல்ல நொந்து வந்த குதிரையை அசைய விடாம நாப்பது நாள் மூடின இடத்துல கட்டிவெச்சா அதோட நுரையீரல் என்ன ஆகும்னு இன்னைக்கு எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார். சாணி மூத்திரத்துல இருந்து கிளம்புற அமோனியா வாடை இருக்கே, அது ஒண்ணே போதும்.

ஈயக்குண்டு வைத்தியம்

சரி, வெள்ளைக்காரங்க மட்டும் என்ன வாழ்ந்தாங்க? ஐரோப்பாவுல குளிர்காலம் முழுக்கக் குதிரை கொட்டகைக்குள்ள. தீனி, காய்ஞ்ச புல்லு. சரியாக் காயாம ஈரத்தோட கட்டிவெச்ச புல்லுல பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கட்டைப் பிரிச்சு உதறினா புகை மாதிரி ஒண்ணு கிளம்பும் பாருங்க, அது தூசி மட்டும் இல்ல, கோடிக்கணக்கான பூஞ்சை வித்துகள். குதிரை மூக்கை அதுக்குள்ளயே விட்டு மணிக்கணக்கா மேயும். அதனால அங்க இந்த இழுப்பு ரொம்ப சாதாரணம். 'மூச்சு ஒடிஞ்ச குதிரை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்காரங்க அதுக்கு ஒரு பேரே வெச்சிருந்தாங்க.

ஜான் ஃபிளாயர்னு ஒரு இங்கிலாந்து டாக்டர். அவருக்கே ஆஸ்துமா. 1698ல ஆஸ்துமா பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல மூச்சு ஒடிஞ்ச ஒரு பெண்குதிரையோட நுரையீரலை அறுத்துப் பாத்ததைப் பத்தி எழுதியிருக்கார். காத்து வெளிய போக முடியாம நுரையீரல் உப்பிப் போய்க் கிடந்ததாம். தன்னோட மூச்சைப் புரிஞ்சுக்க ஒரு மனுஷன் குதிரையோட மூச்சைப் பாத்திருக்கார். முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

குதிரைத் தரகருங்க வேற மாதிரி யோசிச்சாங்க. மூச்சு கெட்ட குதிரையை விக்கணும்னா, சந்தைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கொழுப்புல ஈயக்குண்டைக் கலந்து முழுங்க வெச்சிடுவாங்க. கொஞ்ச நேரத்துக்கு இரைப்பு தெரியாது. வாங்கினவன் வீட்டுக்குப் போன அப்புறம்தான் தலையில கை வெப்பான். நம்ம ஊர் மாட்டுச்சந்தைத் தரகர்கள் கெட்டிக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் :)

கடல்ல நீந்தி வந்தவங்க

மத்திகிரிக்கு வருவோம். 1830கள்ல இருந்து ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் சென்னைக்குக் கப்பல்ல வர ஆரம்பிச்சது. அந்த ஊர்ப் பேரை வெச்சே 'வேலர்'னு கூப்பிட்டாங்க. (நம்ம வேலர் இல்லீங்க!) அப்ப சென்னையில துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். குதிரையைக் கடல்ல இறக்கி விட்டு, மசூலாப் படகும் கட்டுமரமுமா கூட வந்து கரை சேப்பாங்க. 1834 வாக்குல ஒருத்தர் அதை ஓவியமா வரைஞ்சு வெச்சிருக்கார். அலையில குதிரைத் தலை, பக்கத்துல நம்ம மீனவர்கள்.

வாரக்கணக்குல கப்பலோட அடித்தளத்துல, காத்தோட்டம் இல்லாம, தலையைத் தூக்கிக் கட்டின நிலையில வந்த குதிரைங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. குதிரை தலையைக் கீழ போட்டு மேயும்போதுதான் காத்துக்குழாய்ல இருக்கிற சளியும் அழுக்கும் வழிஞ்சு வெளிய வரும். தலையை மேல தூக்கியே கட்டி வெச்சா அது உள்ளயே தேங்கி, நுரையீரலுக்கு இறங்கி, கிருமி பெருகி, காய்ச்சலாகி, நிமோனியாவுல கொண்டுபோய் விடும். லாரியில குதிரை ஏத்துறவங்களுக்கு இன்னைக்கும் இதே விதிதான். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கயித்தைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்த விடணும்.

அப்படி நொந்து வந்த குதிரைக்கு மத்திகிரி ஒரு வரம்தான். கடல்மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். எங்க கல்லாவி வெயிலோட ஒப்பிட்டா அது வேற நாடு. உயரம் ஏன் முக்கியம்னா, குளிர்நாட்டுக் குதிரைக்கு நம்ம கடற்கரைப் புழுக்கத்துல ஒரு வினோத வியாதி வரும். வேர்வை நின்னுபோயிடும். நம்மள மாதிரியே குதிரையும் வேர்த்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்குது. வேர்க்கலைன்னா சூட்டை மூச்சு வழியாத் தள்ளப் பாக்கும். புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைக்கும். பாக்குறவங்க நுரையீரல் கோளாறுன்னு நெனைப்பாங்க, ஆனா கோளாறு தோல்ல. இதுக்கு மருந்தைவிட நல்ல வைத்தியம் குளிர்ந்த ஊருக்கு மாத்துறதுதான். சென்னைக் கரையில இறங்கின குதிரைக்கு ஓசூர் மேட்டுநிலம் எவ்வளவு தோதான இடம்னு யோசிச்சுப் பாருங்க.

புல்லு வெட்டினவங்க

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

ஐரோப்பாவுல அவ்வளவு குதிரையை நாசம் பண்ணினது காய்ஞ்ச புல்லும் மூடின லாயமும். இங்க என்ன நடந்தது? அந்தக் காலப் படையில குதிரையோட கூட ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் குதிரைக்காரர். இன்னொருத்தர் புல்லு வெட்டுறவர். சென்னைப் பக்கம் பல நேரம் அந்தக் குதிரைக்காரரோட வீட்டம்மாதான் புல்லு வெட்டுறவங்க. படை எங்க போனாலும் இவங்களும் பின்னாடியே போவாங்க. தினமும் விடியக்காலை கிளம்பி, வரப்புலயும் ஏரிக்கரையிலயும் அருகம்புல்லை வேரோட கொத்தி எடுத்து, மண்ணு போகத் தட்டி, தண்ணியில அலசி, கட்டாக் கட்டித் தலையில சுமந்துட்டு வரணும். இது ஒரு நாளைக்கு மட்டும் இல்ல. குதிரை உயிரோட இருக்கிற வரைக்கும் தினம்.

அலசின ஈரப்புல்லு! அதுல ஏது தூசி? ஏது பூஞ்சணம்? பல இடத்துல குதிரைகளைக் கட்டினதும் மூடின கொட்டகையில இல்ல, திறந்தவெளியில முளையடிச்சு வரிசையா. தீனிக்குக் கொள்ளு. கொள்ளுக்கு இங்கிலீஷ்ல பேரே 'குதிரைப் பயறு'தான். அதையும் சும்மா போட மாட்டாங்க, வேகவெச்சோ ஊறவெச்சோதான் போடுவாங்க. அதுலயும் தூசி பறக்காது.

இன்னைக்கு உலகத்துல எந்தக் குதிரை மருத்துவமனைக்குப் போனாலும் குதிரை ஆஸ்துமாவுக்கு முதல் மருந்துச்சீட்டு இதுதான்: வெளிய விடு, பச்சைப்புல்லு குடு, காய்ஞ்ச புல்லுன்னா நனைச்சுக் குடு, தானியத்தை ஈரமாக் குடு. நம்ம புல்லுக்கார அம்மாக்கள் இதைத் தினம் செஞ்சுட்டு இருந்தாங்க. அவங்க நுரையீரலுக்காகச் செய்யல. மண்ணு கலந்த புல்லைத் தின்னா குதிரைக்கு வயித்துவலி வரும், அதனால அலசினாங்க. ஆனா காரணம் எதுவா இருந்தாலும் பலன் நுரையீரலுக்கும் போய்ச் சேர்ந்தது.

இது என்னோட கணிப்புதான், ஆராய்ச்சி முடிவு இல்ல. ஆனா எனக்கு இது ஆழமாப் படுது. ராணுவக் குதிரை டாக்டருங்க பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. ஒரு புல்லுக்கார அம்மா பேராவது எங்கயாவது இருக்கா? குதிரைக்குச் செலவு எழுதின கணக்குல அவங்க சம்பளம் ஒரு வரி. அவ்வளவுதான்.

புல்லு காப்பாத்தாத வியாதிங்க

நல்ல புல்லு குடுத்தாப் போதும்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. மூக்குல ஒழுகறதும் இருமறதும் எல்லாமே அலர்ஜி கிடையாது.

கிளாண்டர்ஸ்னு ஒண்ணு இருக்கு. பாக்டீரியாவால வர்றது. மூக்குல புண்ணு, கெட்டியாச் சளி, தோல்ல முடிச்சு முடிச்சா கட்டி, நுரையீரல்ல புண்ணு. ஒரே தொட்டியில தண்ணி குடிச்சா அடுத்த குதிரைக்கும் வரும். மனுஷனுக்கும் வரும், உயிரையே எடுக்கும். குதிரைப்படைகளோட பெரிய பயமே இதுதான். பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள கிருமி இருக்கும். 1891ல ரஷ்யாவுல மல்லீன்னு ஒரு சோதனைப் பொருளைக் கண்டுபிடிச்ச பிறகுதான் மறைஞ்சிருக்கிற நோயைக் கண்டுபிடிக்க முடிஞ்சது. நோய் இருக்கிற குதிரையைக் கொல்றதுக்கு 1899ல இந்தியாவுல சட்டமே போட்டாங்க. அந்தச் சட்டம் 110 வருஷம் இருந்து, 2009ல வந்த விலங்கு நோய்த் தடுப்புச் சட்டத்துக்குள்ள கலந்தது. ஒழிஞ்சுபோச்சுன்னு நெனச்சப்ப 2006ல மகாராஷ்டிராவுல திரும்பவும் தலையைக் காட்டிச்சு.

1960ல வந்தது இன்னொண்ணு. ஆப்பிரிக்கக் குதிரை நோய். மேற்காசியாவுல பரவி, பாகிஸ்தான் தாண்டி இந்தியாவுக்குள்ள வந்தது. கடுமையா வந்தா நுரையீரல்ல நீர் நெறஞ்சு, மூக்குல நுரை தள்ளி, தரையில நின்னபடியே குதிரை மூழ்கிச் சாகும். 1959ல இருந்து 1961க்குள்ள இந்தப் பகுதி நாடுகள் எல்லாத்துலயும் சேத்து 3 லட்சத்துக்கு மேல குதிரையும் கழுதையும் கோவேறு கழுதையும் போச்சுன்னு கணக்கு. தொட்டா ஒட்டுற வியாதி இல்ல இது. கொசுவைவிடச் சின்னதா ஒரு கடிக்கிற பூச்சி, கொசுவலை ஓட்டை வழியாவே நுழையற சைஸு, அதுதான் பரப்புது.

2008ல ஜம்மு பக்கம் கட்ராவுல குதிரைக் காய்ச்சல் (நம்ம ஃப்ளூ மாதிரி, குதிரைக்குன்னு தனியா வர்றது) கிளம்பிப் பல மாநிலத்துக்குப் பரவிச்சு. 1872ல அமெரிக்காவுல இதே காய்ச்சல் வந்து நாடு முழுக்கக் குதிரைங்க படுத்துடுச்சு. அந்த நவம்பர்ல பாஸ்டன் நகரம் தீப்பிடிச்சப்ப, தீயணைப்பு வண்டிகளை மனுஷங்களே இழுத்துட்டு ஓடினாங்க.

ஆக, காய்ச்சல் அடிச்சா, கெட்டிச் சளி ஒழுகினா, ஒரு குதிரைக்கு வந்தது அடுத்ததுக்கும் வந்தா, அது அலர்ஜி இல்ல. உடனே தனியாக் கட்டிட்டு டாக்டரைக் கூப்பிடணும். காய்ச்சல் இல்லாம, தீனி திங்கும்போதோ லாயத்தைக் கூட்டும்போதோ மட்டும் இருமினா, அது தூசி விவகாரமா இருக்க வாய்ப்பு அதிகம்.

அலர்ஜிங்கற வார்த்தையே குதிரை குடுத்தது

மேல சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கே, அது நோயைச் சுமக்காட்டியும் தொல்லைதான். அதோட எச்சில் சில குதிரைக்கு ஒத்துக்காது. பிடரியும் வாலும் தாங்க முடியாம அரிக்கும். மரத்துல, செவுத்துல தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்கும். ஐஸ்லாந்துல இந்தப் பூச்சி ரொம்ப காலமா இல்லாம இருந்தது. அங்க பிறந்து வளந்த குதிரையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனா, ஐரோப்பாவுல பிறந்த அதே சாதிக் குதிரையைவிட இந்த அரிப்பு பல மடங்கு அதிகமா வருது. குட்டியில பழகாத உடம்பு, வளந்தப்புறம் பாத்ததும் சண்டைக்குப் போகுது. சாயங்காலமும் விடியக்காலையும் பூச்சி கடிக்கிற நேரம். அப்ப உள்ள கட்டி மின்விசிறி போடுறது, மேல துணி போத்தறது, தேங்கின சேத்தைச் சுத்தம் பண்றது, இதுதான் வைத்தியம்.

இன்னொரு சுவாரசியம். 'அலர்ஜி'ங்கற வார்த்தையை உருவாக்கினது வியன்னாவுல இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. 1906ல. எப்படி? தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளுக்குக் குதிரையோட ரத்தத்துல இருந்து எடுத்த சீரம் ஊசி போட்டுக் காப்பாத்துவாங்க. சில குழந்தைங்களுக்கு அப்புறம் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி. ஏன் இப்படின்னு யோசிச்சப்பத்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது. குதிரைக்கு வைக்கோல் தூசி ஒத்துக்கல, மனுஷனுக்குக் குதிரையே ஒத்துக்கல!

இன்னைக்கும் நம்ம நாட்டுல பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்துல இருந்துதான் தயாராகுது. சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க எடுக்கிற விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருளைப் பிரிச்சு எடுக்கிறாங்க. ஆஸ்பத்திரியில அந்த மருந்து ஏத்தும்போது ஒவ்வாமை வந்தா சமாளிக்க இன்னொரு ஊசியைப் பக்கத்துலயே தயாரா வெச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல காட்டுக்கும் வயலுக்கும் போற எத்தனை பேர் ஒரு குதிரையோட புண்ணியத்துல உயிரோட நடமாடுறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

தகரக் கொட்டகையில ஒரு ரேஸ் குதிரை

இதெல்லாம் பழங்கதைன்னு விட்டுட முடியல. ஏன்னா குதிரை திரும்பி வருது. ஓசூர், பெங்களூரு சாலைப் பக்கம் குதிரைச் சவாரி சொல்லிக் குடுக்கிறாங்க, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுறாங்க, ஓடி முடிஞ்ச ரேஸ் குதிரையை ஆசைக்கு வாங்கி வெச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. அப்படி ஒரு தம்பியை எனக்குத் தெரியும். பேரு வேண்டாம். நல்ல பையன், குதிரை மேல உசிரு. தகரக் கொட்டகை, மூணு பக்கம் செவுரு, உள்ள பரணு முழுக்க காய்ஞ்ச புல்லு. குதிரை இருமிக்கிட்டே இருந்தது.

"சளிங்கண்ணா. மூணு தடவை ஊசி போட்டாச்சு. போட்டா நிக்குது, பத்து நாள்ல திரும்ப வந்துடுது"ன்னான்.

"காய்ச்சல் இருக்காப்பா?"

"இல்லீங்கண்ணா. நல்லாத் திங்குது. திங்கும்போதுதான் இருமுது."

நான் டாக்டர் இல்ல. வைத்தியம் சொல்ற தைரியமும் கிடையாது. குதிரை பாத்துப் பழகின டாக்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். அவர் வந்து முதல்ல பாத்தது குதிரையை இல்ல, பரணை. ஒரு கட்டை எடுத்து வெயில்ல உதறினார். அந்தப் புகையைப் பாத்துட்டுத் தம்பியே ரெண்டடி பின்னால போயிட்டான்.

அப்புறம் அவர் சொன்னது, நான் படிச்சது எல்லாத்தையும் சேத்துச் சொல்றேன், குதிரை வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும். தீனிப்போரை லாயத்துக்குள்ள, குதிரை தலைக்கு மேல வைக்கக்கூடாது. பூஞ்சணம் பிடிச்ச கட்டைக் கழுவிக் குடுக்கலாம்னு கஞ்சத்தனம் பாக்காம தூக்கி எறியணும். நல்ல காய்ஞ்ச புல்லையும் அரைமணி நேரம் தண்ணியில முக்கி, வடிச்சு, உடனே குடுக்கணும். நம்ம வெயில்ல ரொம்ப நேரம் ஊறினாப் புளிச்சுப் போயிடும். வலைப்பையில உயரத்துல தொங்கவிடாம கீழ வெச்சுத் திங்க விடணும். கூட்டிப் பெருக்கும்போது குதிரை வெளிய இருக்கணும். மூத்திர வாடை நம்ம மூக்குக்கு எட்டினாலே அதுக்கு அதிகம்னு அர்த்தம். முடிஞ்ச நேரமெல்லாம் வெளிய விடணும். ஸ்டீராய்டு ஊசி, மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, முகமூடி வெச்சுக் குடுக்கிற இன்ஹேலர் எல்லாம் இருக்கு. ஆனா டாக்டர் சொன்னாத்தான், அவர் சொன்ன அளவுதான். காரணம் தெரியாம ஸ்டீராய்டு போட்டா, உள்ள கிருமி இருந்தா அது பெருகிடும், சில குதிரைக்குக் குளம்பே கெட்டுப்போற ஆபத்தும் இருக்கு. எத்தனை மருந்து குடுத்தாலும் தூசியை மாத்தலைன்னா இழுப்பு திரும்ப வரும். தம்பி கட்டின ஊசிக்காசு அப்படித்தான் போச்சு.

அந்தத் தம்பி ஒரு பக்கச் செவுத்தை இடிச்சான். பக்கத்துத் தோட்டத்துல ஒரு அம்மாகிட்டப் பேசி, தினம் ஒரு கட்டுப் பச்சைப்புல்லுக்கு ஏற்பாடு பண்ணினான். ஒரு மாசம் கழிச்சுப் போன்ல சொன்னான், இருமல் ரொம்பக் குறைஞ்சிடுச்சாம். முழுசாப் போகல. இந்த வியாதி முழுசாப் போகாது, கட்டுக்குள்ள வெச்சுக்கலாம், அவ்வளவுதான். "அந்த அம்மா புல்லை அலசிக் குடுங்கன்னா சிரிக்கிறாங்கண்ணா, குதிரைக்கு இவ்வளவு உபசாரமான்னு கேக்குறாங்க"ன்னான்.

அவங்களுக்குத் தெரியாது, இரு நூறு வருஷத்துக்கு முன்னாடி மத்திகிரிப் பக்கம் அவங்க முப்பாட்டிங்க யாராச்சும் அதே வேலையைத்தான் செஞ்சிருப்பாங்களோ என்னவோ. இன்னைக்கு வெளிநாட்டுல புல்லுக்கு ஆவி பிடிக்கிறதுக்குன்னே மெஷின் விக்கிறாங்க. நம்மகிட்ட ஒரு வாளித் தண்ணியும் அலசுற கையும் இருந்தது.

ஒரு வேண்டுகோள் மக்களே. உங்க ஊர்ப் பக்கம் ஜட்கா ஓட்டின குடும்பமோ, படைக்குப் புல்லு வெட்டின குடும்பமோ இருந்தா, வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. குதிரை இருமினா என்ன பண்ணினாங்க, அந்த இருமலுக்கு என்ன பேரு சொன்னாங்க, எந்தப் புல்லு குடுத்தாங்க, எதைத் தள்ளினாங்க... ஒரு வார்த்தை கிடைச்சாலும் எழுதிப் போடுங்க. டாக்டருங்க எழுதினது பத்திரமா இருக்கு. அந்த அம்மாக்கள் தெரிஞ்சு வெச்சிருந்தது, கேக்க ஆளில்லாம அவங்களோடவே போயிட்டு இருக்கு.